படிப்பு இல்லாமல் லேத் பட்டறையில் சேர வருகிறவருக்கு

கோவை கணபதி பக்கம் நடந்தால் ஏதாவது ஒரு பட்டறை வாசலில் 'ஹெல்பர் தேவை' என்ற அட்டை தொங்கும். அதில் படிப்பைப் பற்றிப் பேச்சே இருக்காது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவரும், சோமனூரில் தறி ஓட்டி அலுத்தவரும் தயங்காமல் உள்ளே போகலாம். நான் லேத், அதாவது இரும்பைச் சுழலவிட்டுக் கடையும் மெஷின், பட்டறை வைத்திருக்கிறேன். முப்பதைத் தாண்டியவர்களை விரும்பியே சேர்க்கிறேன். குடும்பம் இருப்பவர் வேலையைக் கவனித்துக் கற்கிறார்.

வேலை கேட்டுச் சனிக்கிழமை மாலை போகாதீர்கள், அது சம்பளம் பட்டுவாடா செய்யும் நேரம். மற்ற நாளில் டீ நேரத்தில் போங்கள். வாரச் சம்பளம் எவ்வளவு, யார் கற்றுத் தருவார், எப்போது மெஷினில் நிற்க விடுவார்கள் என்ற மூன்றையும் சேருவதற்கு முன்பே கேளுங்கள். தொடக்கச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், அதை வீட்டில் பேசிவிட்டு வாருங்கள். ஆனால் மாதக்கணக்கில் டீ வாங்கவும் இரும்புச் சுருள் கூட்டவும் மட்டுமே வைத்திருக்கிற இடத்தில் இருக்காதீர்கள். வளர்ந்த மனிதரின் காலத்தை அப்படி வீணடிப்பது அநியாயம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமானால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பதிவு உண்டா என்றும் கேளுங்கள்.

மெஷினைத் தொடுமுன் அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள். படிக்காதவர்கள் வெர்னியரை, அதாவது மில்லிமீட்டரிலும் நுணுக்கமாக அளக்கும் கருவியைக் கண்டுதான் மிரளுகிறார்கள். நான் சொல்லித் தரும் முறை இது: ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு ரூபாய். கீழே உள்ள நகரும் அளவுகோலில் ஒவ்வொரு கோடும் இரண்டு பைசா. அதன் பூஜ்யம் மேலே 24-ஐத் தாண்டி நிற்கிறதா, 24 ரூபாய். இனி கீழ்க்கோடுகளில் எது மேல்கோட்டோடு நேராகச் சேருகிறது என்று பாருங்கள். 18-ஆவது கோடு என்றால் 36 பைசா. ஆக 24.36. சந்தையில் காய் விற்றவர் இதை ஒரே நாளில் பிடித்துக்கொள்வார். இன்னும் நுணுக்கமாக அளக்கும் மைக்ரோமீட்டரில் ஒரு கோடு ஒரு பைசா, அவ்வளவுதான்.

மோட்டார் ஷாஃப்டில் (சுழலும் தண்டில்) 6205 என்ற எண்ணுள்ள பேரிங் உட்காரும் இடம் 25 மி.மீ. ஐந்து பைசா கூடினால் பேரிங் ஏறாது, குறைந்தால் லொடலொடக்கும். கடைந்து முடித்த சூட்டில் அளந்தால் இரும்பு விரிந்து அளவு கூடுதலாகக் காட்டும். ஆறவிட்டு, மெஷினை நிறுத்தி, பிறகு அளங்கள்.

சக் என்பது கடையும் இரும்பைப் பிடித்துச் சுழலும் பகுதி. அதை இறுக்கும் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மெஷினைப் போடவே கூடாது. கையுறை, தொங்கும் முழுக்கை, துண்டு எதுவும் லேத் பக்கம் வேண்டாம். சுருளைக் கையால் இழுக்காதீர்கள், கொக்கியால் இழுங்கள்.

கைத்தொழில் வந்துகொண்டிருக்கும்போதே காகிதத்தையும் தேடுங்கள். அரசுத் தேர்வுகள் இயக்ககம் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வர்களுக்கு நடத்துகிறது. எட்டாவது தேறினால் ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் பிரிவுகளுக்கு விண்ணப்பிக்கலாம். லேத் வேலைக்கான டர்னர் பிரிவுக்குப் பத்தாவது வேண்டும். அதைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எந்த வயதிலும் எழுதலாம். தேர்வு தேதி தெரிந்ததும் முதலாளியிடம் சொல்லி, அந்த நாட்களுக்கு முன்கூட்டியே லீவு வாங்கிவிடுங்கள்.