சிபாப் திரையில் தெரியும் ஏஎச்ஐ: எங்கே தவறிப் போகிறோம்?

நேற்று 0.9, இன்று 2.1. தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறவர்களுக்கு மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் மெஷின்தான் சிபாப். மூச்சு நின்றதும் மட்டுப்பட்டதும் மணிக்குச் சராசரியாக எத்தனை தடவை என்ற எண்தான் ஏஎச்ஐ. சிபாப் போட்டுத் தூங்குகிறவர்களில் சிலர் இந்த எண்ணை ஷேர் மார்க்கெட் மாதிரி பார்க்கிறார்கள். ஏறினால் அன்று முழுக்கக் கவலை, ராத்திரி அழுத்தத்தைக் கூட்டலாமா என்று யோசனை. வேண்டாம். பெரியவர்களுக்கு ஏஎச்ஐ 5-க்குக் கீழே இருந்தால் பொதுவாகச் சிகிச்சை வேலை செய்கிறது என்றே எடுத்துக்கொள்வார்கள். அதற்குள் ஏறி இறங்குவது சகஜம்.

பெரிய குழப்பம் வேறு இடத்தில் வருகிறது. ஸ்லீப் ஸ்டடி (தூங்கும்போது செய்யும் பரிசோதனை) ரிப்போர்ட்டில் ஏஎச்ஐ 34 இருந்தது, மெஷினில் 2 காட்டுகிறது என்றால் இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை. முழு ஸ்லீப் ஸ்டடியில் மூளை அலையும் ரத்த ஆக்சிஜனும் சேர்ந்து பதிவாகும். மூச்சு ஓட்டம் 10 விநாடிக்குக் குறையாமல் மட்டுப்பட்டு, கூடவே ஆக்சிஜன் 3 அல்லது 4 சதவீதம் இறங்கினால்தான் அது ஹைப்போப்னியா, அதாவது மூச்சு மட்டுப்பட்டது என்று கணக்கில் சேரும். 3 சதவீத விதியில் தூக்கம் கலைந்தாலும் சேர்ப்பார்கள். மெஷினுக்கோ பொதுவாகக் காற்றோட்டம் ஒன்றுதான் தெரியும். நீங்கள் தூங்குகிறீர்களா, விழித்துப் புரள்கிறீர்களா என்பதே அதற்குத் தெரியாது. விழித்திருந்தபடி மூச்சைப் பிடித்தாலும் ஒன்று ஏறலாம். மாஸ்க்குடன் ஒரு மணி நேரம் சும்மா படுத்திருந்தால் வகுக்கும் நேரம் கூடி, சராசரி அழகாக இறங்கும்.

சராசரி மறைப்பதும் நிறைய. ஏழு மணி நேரத்துக்கு 2 என்றால் மொத்தம் 14 தடவை. அந்தப் பதினான்கும் விடியற்காலையில் மல்லாந்து படுத்த ஒரே மணி நேரத்தில் வந்திருந்தால் விஷயமே வேறு. மூச்சு 10 விநாடி நின்றாலும் 50 விநாடி நின்றாலும் கணக்கில் ஒன்றுதான். இரண்டு மணிக்கே மாஸ்க்கைக் கழற்றிவிட்டீர்களா? மீதி இரவு கணக்கிலேயே வராது. அதனால் எத்தனை மணி நேரம் போட்டோம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம் லீக். மாஸ்க்கில் காற்று அதிகம் கசிந்த இரவின் ஏஎச்ஐயை நம்ப முடியாது, அது எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

கடைசியாக, எண் கூடினால் அது எந்த வகை என்று பாருங்கள். தொண்டை அடைப்பதால் வருவது ஒன்று. பாதை திறந்தே இருந்தும் மூளை மூச்சிழுக்கச் சொல்லாத சென்ட்ரல் வகை இன்னொன்று. இரண்டாவதற்கு நீங்களே அழுத்தத்தைக் கூட்டினால் அது அதிகமாகவும் கூடும். சிகிச்சை தொடங்கிய புதிதில் சிலருக்குச் சென்ட்ரல் தலைகாட்டும், பலருக்குச் சில வாரங்களில் தானாகவே குறையும். குறையாவிட்டால் மெஷினின் மெமரி கார்டோடு டாக்டரிடம் போங்கள்.