பூட்டனைத் தேடிப் போனாலும் காணிக்கு வந்ததாகத்தான் நினைப்பார்கள்

யாழ்ப்பாணம் போய் வம்ச விருட்சம் எழுதப்போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். போய் இறங்கிய அன்றே பூட்டன்ர பேர் என்ன என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன். அப்பாவின் கடைசித் தங்கை, எங்கள் மாமி, தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் தம்பி, காணிக்கோ வந்தனி?" என்றார். பதினான்கு நாள் லீவில் பன்னிரண்டு நாள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே போய்விட்டது.

அதனால் வெளிநாட்டில் இருந்தே செய்யக்கூடியதைச் செய்து முடித்துக்கொண்டு போங்கள். எங்கள் பக்கத்தில் செத்தவீட்டின் 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு என்று ஒரு சிறு புத்தகம் அடித்துக் கொடுப்பார்கள். தேவாரமும் புலம்பலும் தாண்டிப் பாருங்கள், பலவற்றில் வம்சாவளி இருக்கும்: இன்னாரின் மகன் இன்னார், அவர் கட்டியது இன்ன ஊர் இன்னாரின் மகளை. நூலகம் என்ற இணையத்தளத்தில் இப்படியான நினைவு மலர்களை ஸ்கான் பண்ணிப் போட்டிருக்கிறார்கள், இலவசமாகவே வாசிக்கலாம். ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஆனால் கல்வெட்டை எழுதுவது உயிரோடு இருக்கிறவர்கள். கோபித்துக்கொண்டு போனவரும் வீட்டுக்குப் பிடிக்காத இடத்தில் கட்டியவரும் அதில் பிறந்தே இருக்கமாட்டார்கள்.

பழைய சாதகம் அகப்பட்டால் வருடப் பெயரைப் பார்த்து அவசரப்படாதீர்கள். தமிழ் வருடம் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். விரோதி என்று எழுதியிருந்தால் 1889உம் ஆகலாம், 1949உம் ஆகலாம். நான் அப்பப்பாவின் தமையன் ஒருவரை அவருடைய மகனுக்கே தம்பியாக்கி இரண்டு மாதம் வைத்திருந்தேன். குடும்பப் பெயர் கேட்கும் மென்பொருளோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். எங்களிடம் அப்படி ஒன்று இல்லை, தகப்பன் பெயர்தான் முன்னெழுத்து. ஊரையும் தகப்பன் பெயரையும் சேர்த்து எழுதி வைத்தால் போதும்.

பதிவு அலுவலகக் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867இல் தொடங்கியது. யுத்தத்துக்குத் தப்பிய புத்தகங்களில் தேடுவிக்கலாம், ஆனால் பதிவுப் பிரிவும் ஏறத்தாழத் திகதியும் தெரிய வேண்டும். "எந்த வருசமெண்டு தெரியாமல் எந்தப் புத்தகத்தை இறக்கிறது?" என்றார் அங்கிருந்த பிள்ளை. நியாயம்தான். கையில் இருக்கும் பிற்காலப் பிறப்புப் பத்திரங்களை முதலில் வடிவாகப் பாருங்கள். பத்திரத்துக்குரிய பிள்ளையின் பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, இடம் எழுத ஒரு கட்டம் இருக்கும். தகப்பன் இலங்கையில் பிறக்காவிட்டால் பூட்டனாரைக் கேட்கும் கட்டம் அதற்குக் கீழே. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த மலையக மக்களிடம் கேட்டதும் இதே கேள்வியைத்தான். பதில் சொல்லக் கடதாசி இல்லாமல் அவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். நான் அதே கட்டத்தைப் பார்த்து, பூட்டனின் ஊர் கிடைத்துவிட்டது என்று சந்தோசப்பட்டேன்.

சரி, மாமிக்கு வருவோம்.

யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் நல்ல வம்சாவளி இருப்பது காணி உறுதியில், அதாவது காணியின் உரிமைப் பத்திரத்தில். எல்லையைப் பாருங்கள்: வடக்கு ஒழுங்கை, கிழக்கு இன்னார் உரித்து, தெற்கு இன்னார் மனைவி இன்னார் உரித்து. பெரும்பாலும் அந்த இன்னார்கள் கூடப்பிறந்தவர்கள். ஒரே வளவைத் தகப்பன் பிரித்துக் கொடுத்திருப்பார். கிணற்றுப் பங்கு இன்னும் நல்லது, பின்னத்தின் கீழ்த்தொகையைப் பார்த்தால் எத்தனை பேருக்குப் பிரிந்தது என்று தெரியும். ஒன்று கவனம், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி சீதனம் வாங்கிக்கொண்டு போன பெண்பிள்ளைகள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

அந்த உறுதிகள் மாமியின் றங்குப்பெட்டியில் இருந்தன. சாவி அவருடைய இடுப்பில். படம் மட்டும் எடுக்கிறேன், காணியில் எனக்கு ஆசையே இல்லை என்றேன். இதைவிடப் பிழையான வசனம் அந்த வீட்டில் வேறில்லை. "ஆசையில்லையெண்டு சொல்லுறது லேசு. கொப்பரும் உதைத்தான் சொன்னவர். சொன்னவர், கையெழுத்து வைக்கேல்லை" என்று என் அப்பாவைச் சொன்னார். எழுந்துபோய் அடுப்படியில் ஏதோ பாத்திரத்தை உருட்டினார். மாமியின் மகள், என் மச்சாளின் பெயருக்கு அப்பாவின் பங்கை எழுதித் தந்தால் பெட்டி திறக்கும். ஒரு நாள் உறுதி எழுதும் பிரசித்த நொத்தாரிசே தற்செயலாக வந்ததுபோல வந்து விறாந்தையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்த கோபத்தில் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. பனங்கட்டியும் ஒடியல் கூழும் நினைத்துக்கொண்டு போனவன் நான்.

ஆகவே எச்சரிக்கை: லீவு முடிகிற அவசரத்தில் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். உறுதியின் பிரதியை வாங்கி வேறொரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். அற்றோணித் தத்துவம், அதாவது உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்கும் அதிகாரம், கேட்டால் எந்தக் காணிக்கு, எதற்கு என்று வரி வரியாக வாசியுங்கள்.

பன்னிரண்டாம் நாள் மாமி தானாகவே பெட்டியைத் திறந்தார். பூச்சி உருண்டை மணம். சொப்பிங் பைக்குள் சொப்பிங் பை, அதற்குள் நாலாய் மடித்த உறுதி, மடிப்புக் கிழிந்த இடத்தில் சோற்றுப்பசையில் ஒட்டிய கடதாசி. "95இல சனமெல்லாம் உடுப்பு எடுத்தது. நான் இதைத்தான் கரியரில கட்டினனான். நாவற்குழிப் பாலம் தாண்ட விடிஞ்சுபோச்சு." 1995இல் யுத்தத்தால் யாழ்ப்பாணச் சனம் மொத்தமாக ஊரைவிட்டுக் கிளம்பியதைச் சொன்னார். நான் அப்போது கனடாவில், ஸ்காபரோவில் இருந்தேன். அந்த ஒக்டோபரில் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

உறுதியில் அப்பப்பாவுக்குக் கிணற்றில் பிரிபடாத ஆறிலொன்று. என் விருட்சத்தில் ஆண் சகோதரங்கள் ஐந்து பேர்தான். ஆறாவது ஆர் மாமி என்று கேட்டேன்.

"அது சின்னையா. மலாயாவுக்கு றெயில்வே வேலைக்கெண்டு போனவர். முதல் இரண்டு வருசம் காசு வந்ததாம், பிறகு கடதாசியும் இல்லை. வாங்கிறவங்கள் உறுதியைப் பாத்திட்டு, அவற்ற கையெழுத்து எங்கையெண்டு கேக்கிறாங்கள். காணி அப்பிடியே கிடக்கு." பேசிக்கொண்டே கடதாசியைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். "நீயும் நாளையிண்டைக்குப் போயிடுவாய்."

ஆறு படம் எடுத்தேன், மூன்று தெளிவில்லை. நொத்தாரிசின் வரைவு என் சூட்கேசில், கல்வெட்டுகளுக்கு நடுவே இருக்கிறது. இன்னும் கையெழுத்து வைக்கவில்லை.