விண்வெளி அருங்காட்சியகத்தில் ஒரு நாள்: முதல்முறை குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

முதல்முறை நாங்கள் விண்வெளி அருங்காட்சியகத்துக்குப் போனபோது, பூமிக்குத் திரும்பி வந்த ஒரு விண்கலத்தின் முன்னால் என் மகள் நின்றுவிட்டாள். அதன் அடிப்பாகம் முழுக்கத் தீ தின்ற தடம். கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தவளை, "இன்னும் நான்கு கூடங்கள் இருக்கின்றன, வா" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனேன். நான்கையும் பார்த்தோம். இன்று எங்கள் இருவருக்குமே அந்தக் கருகல் மட்டும்தான் நினைவில் இருக்கிறது. அவளை அங்கிருந்து நகர்த்தியிருக்கவே கூடாது.

அதனால் நான் சொல்லும் முறை இதுதான்: மூன்றே மூன்று பொருள்களை ஆற அமரப் பாருங்கள். மற்றவை போகிற போக்கில் கண்ணில் பட்டால் போதும்.

படி 1: முந்தைய நாள், ஒரு பந்தும் கொஞ்சம் நூலும்

ஒரு கூடைப்பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது பூமி. ஒரு டென்னிஸ் பந்து நிலவு. அளவு விகிதம் ஏறக்குறையச் சரியாக இருக்கும். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு முழத்துக்குள் வைத்துவிடுவார்கள். இப்போது கூடைப்பந்தின் நடுவில் நூலை ஒன்பதரைச் சுற்றுச் சுற்றி, பிரித்து நீட்டுங்கள். ஏழு மீட்டருக்கு மேல் வரும். நிலவு இருப்பது நூலின் அந்த முனையில். சர்வதேச விண்வெளி நிலையம் எங்கே? 400 கிலோமீட்டர் உயரம் என்பது இந்தப் பந்தின் மேல் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை.

இந்தப் பத்து நிமிட வேலையைத் தவிர்க்காதீர்கள். மறுநாள் நிலவுப் பயணம் பற்றிய எதைப் பார்த்தாலும் பிள்ளைகளுக்கு அந்த நூல் நினைவுக்கு வரும்.

படி 2: நேரமும் டிக்கெட்டும்

அருங்காட்சியகத்தின் வார விடுமுறை எந்த நாள் என்று பார்த்துக்கொண்டு, கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். கோளரங்கக் காட்சி இருந்தால் அதற்கான நேரத்தை முதலில் உறுதி செய்யுங்கள். அங்கே பின்வரிசைதான் நல்லது. கழுத்தை வளைக்காமல் முழு வானமும் தெரியும். ஆடும் சிமுலேட்டர்களில் உயரக் கட்டுப்பாடு இருக்கலாம். அதில் ஏறுவதாக இருந்தால் சாப்பாட்டை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். யாராவது பிரிந்துவிட்டால் சந்திக்கும் இடத்தையும் நுழைந்த உடனே பேசி வையுங்கள்.

படி 3: "இது போய் வந்ததா?"

விளக்கப் பலகையைப் படிக்கப் பிள்ளைகளைப் பழக்க இந்த ஒரு கேள்வி போதும். அங்கிருக்கும் பொருள்களில் சில உண்மையிலேயே விண்வெளிக்குப் போய் வந்தவை. சில, சோதனைக்காகவோ மாற்றாகவோ செய்யப்பட்டுத் தரையிலேயே தங்கியவை. சில வெறும் மாதிரிகள். எது எந்த வகை என்று பலகையில் தேடிக் கண்டுபிடிப்பதைப் பிள்ளைகளின் பொறுப்பாக்குங்கள். உங்கள் மூன்று பொருள்களில் ஒன்றாவது போய் வந்ததாக இருக்கட்டும்.

படி 4: நின்று பாருங்கள்

திரும்பி வந்த விண்கலம் இருந்தால் முதலில் அதனிடம் போங்கள். முன்பக்கம் பார்த்துவிட்டு நகராமல், அடிப்பாகம் தெரியும் பக்கத்துக்குச் சுற்றி வாருங்கள். நிலவிலிருந்து திரும்பிய அப்பல்லோ கலங்கள் நொடிக்கு சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுமண்டலத்துக்குள் நுழைந்தன. வெப்பக் கவசத்தின் மேற்பரப்பு கருகி உதிரும்போதே வெப்பத்தையும் தன்னோடு கொண்டுபோனது. அங்கே தெரியும் கரி, உள்ளே மூன்று பேர் உயிரோடு இருந்ததற்கான சாட்சி. அடிப்பாகம் ஏன் ஊசிபோல் கூராக இல்லாமல் மொண்ணையாக இருக்கிறது என்று கேளுங்கள். மொண்ணையான முகம் காற்றை முன்னாலேயே அழுத்தித் தள்ளுவதால், பெரும்பகுதி வெப்பம் கலத்தைத் தொடாமல் காற்றோடு போய்விடுகிறது. 1950களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்ட இந்த உண்மை அன்றைய பொறியாளர்களையே வியக்க வைத்தது.

அடுத்து விண்வெளி உடை. அந்தக் கூடத்தில் வெளிச்சம் குறைவாக இருந்தால் காரணம் உண்டு: பழைய உடைகளுக்குள் இருக்கும் ரப்பர் நாளாவட்டத்தில் இறுகி நொறுங்குகிறது, ஒளியும் சூடும் அதை விரைவுபடுத்தும். கேமராவின் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். கண் பழகியதும் தையலைப் பாருங்கள். அப்பல்லோ உடைகளைத் தைத்தவர்கள் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்த பெண்கள். ஒரு மில்லிமீட்டர் பிசகுக்குக்கூட அவர்களுக்கு இடமில்லை. வீட்டில் தையல் தெரிந்த பெரியவர் இருந்தால் அந்த இடத்தில் அவரைப் பேச விடுங்கள். எங்கள் அம்மா கையுறையின் விரல் நுனிகளைக் காட்டி, "வளைவில் தைப்பதுதான் கஷ்டம்" என்று சொன்ன ஒரு வரி, எந்தப் பலகையிலும் இல்லை.

அப்பல்லோ கலங்களை நிலவுக்கு ஏவிய சாட்டர்ன் 5 போன்ற பெரிய ராக்கெட் படுக்க வைக்கப்பட்டிருந்தால், எஞ்சின் பக்கத்திலிருந்து உச்சி வரை காலடி எண்ணிக்கொண்டு நடங்கள். சாட்டர்ன் 5-இன் நீளம் சுமார் 110 மீட்டர். அதில் மனிதர்களோடு திரும்பி வந்தது, உச்சிக்கு அருகிலுள்ள மூன்றரை மீட்டர்க் கூம்பு மட்டுமே. நூற்றைம்பது காலடி நடந்தவர்களுக்கு அந்தக் கூம்பு நான்கைந்து காலடிதான்.

படி 5: கட்டாயம் வரும் கேள்வி

"மேலே ஏன் மிதக்கிறார்கள்?" ஈர்ப்பு விசை இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். விண்வெளி நிலையத்தின் உயரத்தில் தரையில் உள்ளதில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு ஈர்ப்பு இருக்கிறது. நிலையம் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் பாய்வதால், அது விழ விழத் தரையும் வளைந்து விலகிக்கொண்டே போகிறது. உள்ளே இருப்பவர்களும் கூடவே விழுவதால் மிதக்கிறார்கள். வேறு கேள்விகளுக்கு விடை தெரியாவிட்டால் குறித்துக்கொண்டு, வழிகாட்டிகளிடம் பிள்ளைகளையே கேட்கச் சொல்லுங்கள்.

படி 6: வீடு திரும்பிய பிறகு

புகைப்படம் எடுக்கும்போது பொருளோடு அதன் பலகையையும் எடுங்கள், இல்லையென்றால் ஒரு வாரத்தில் எது என்னவென்று மறந்துவிடும். பிறகு, விண்வெளி நிலையம் உங்கள் ஊரின் மேல் எப்போது கடக்கிறது என்று இணையத்தில் பாருங்கள். சூரியன் மறைந்த சற்று நேரத்திலோ விடியலுக்கு முன்போ, மினுக்காமல், விமானம்போல் விட்டுவிட்டு ஒளிராமல், சீராக நகரும் பிரகாசமான புள்ளியாகத் தெரியும். சில நிமிடங்களில் கடந்துவிடும். முன்கூட்டியே மாடிக்குப் போய்விடுங்கள். அந்தக் கூடைப்பந்தையும் எடுத்துப் போங்கள்.