டாட் புரதம்: விடைத்தாள்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் முதுகலை உயிரியல் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். எச்.ஐ.வி.யின் டாட் புரதம் பற்றிக் கேட்கும்போதெல்லாம் இந்த வாக்கியம் வந்துவிடுகிறது: "டாட், டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு படியெடுத்தலைத் தொடங்கிவைக்கிறது." படியெடுத்தல் என்பது டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. இழை உருவாக்கப்படுவது. அந்த வாக்கியத்தில் இரண்டு பிழைகள்.

டாட் பற்றிக்கொள்வது ஆர்.என்.ஏ.வை. அப்போதுதான் படியெடுக்கப்பட்டு வெளிவரும் இழையின் முனையில், கொண்டை ஊசிபோல் மடிந்திருக்கும் 'டார்' என்ற பகுதி அது. ஆர்.என்.ஏ. வந்துவிட்டது என்றாலே படியெடுத்தல் தொடங்கிவிட்டது என்றுதானே பொருள்? ஆனால் படியெடுக்கும் நம் செல்லின் நொதியான ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2, தொடங்கிய சிறிது தூரத்திலேயே நின்றுவிடுகிறது. நின்றதை ஓட வைப்பதுதான் டாட்டின் முதன்மை வேலை.

அதற்காக டாட்டையே நொதி என்று எழுதிவிடாதீர்கள். சுமார் நூறு அமினோ அமிலங்கள் கொண்ட அந்தச் சிறு புரதத்தால் பாஸ்பேட் ஏற்ற முடியாது. ஏற்றுவது நம் செல்லின் சி.டி.கே.9 என்ற கைனேஸ், அதாவது பிற புரதங்களில் பாஸ்பேட் ஏற்றும் நொதி. அதன் துணைப் புரதம் சைக்ளின் டி1 (T1; D1 அல்ல). இந்த இணையில் பெரும்பகுதி செல்லிலேயே உள்ள 7எஸ்.கே. என்ற ஆர்.என்.ஏ., ஹெக்சிம்1 என்ற புரதம் ஆகியவற்றின் பிடியில் செயலற்றுக் கிடக்கும். டாட் அதை விடுவித்து டாருக்கு அழைத்துவருகிறது. சி.டி.கே.9, பாலிமரேஸின் வாலிலும் அதை நிறுத்திவைக்கும் காரணிகளிலும் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. தடை விலகுகிறது.

சுண்டெலிச் செல்லிலும் இப்படியே நடக்கும் என்று எழுதுவோரும் உண்டு. மனித சைக்ளின் டி1-இல் 261-ஆம் இடத்தில் சிஸ்டீன், சுண்டெலியில் டைரோசின். அந்த ஓர் அமினோ அமிலம் மாறியதால் டாட்டும் சைக்ளினும் சேர்ந்து டாரைப் பற்ற முடிவதில்லை. வைரஸ் நம் நொதியை எவ்வளவு நுட்பமாக நம்பியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் வகுப்பில் காட்டியதில்லை.

சி.டி.கே.9-ஐ ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸுடன் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம்; வைரஸின் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றும் அது, வைரஸ் தானே சுமந்துவரும் நொதி.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்டிய ஆய்வுக்காகச் சென்னையில் எடுத்த இரத்த மாதிரிகளில். அந்த ஊரில் படிப்பவர்கள் மருந்து பற்றிய கேள்வியிலும் தவறக் கூடாது என்று விரும்புகிறேன். இன்று வழக்கமாகத் தரப்படும் கூட்டு மருந்துகள் வைரஸ் பெருகுவதைத் தடுக்கின்றன. ஏற்கெனவே நம் குரோமோசோமில் செருகப்பட்ட வைரஸ் மரபணு படியெடுக்கப்படுவதை நேரடியாகத் தடுப்பதில்லை. "சி.டி.கே.9-ஐ முடக்கிவிடலாம்" என்று எளிதாக எழுதவும் கூடாது; நம் சொந்த மரபணுக்களுக்கும் அந்த நொதி வேண்டும். ஆகவேதான் டாட்டையே குறிவைக்கும் மூலக்கூறுகளை ஆராய்கிறார்கள். டைடிஹைட்ரோ கார்டிஸ்டேட்டின் ஏ அவற்றில் ஒன்று.