மனை வாங்கும் முன் ஈசியை இப்படிப் போட்டுப் பாருங்கள்

'வில்லங்கம் இல்லை' என்று ஈசி (சொத்தின் மீது பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று) வந்துவிட்டது என்பதற்காக அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். தவறான எண்ணில் தேடினாலும் அப்படித்தான் வரும்.

தமிழகத்தில் பலர் சறுக்குவது உட்பிரிவு எண்ணில்தான். மனையின் புல எண் (சர்வே எண்) இன்று 112/3A1 என்று இருக்கலாம். அது பிரிவதற்கு முன் எழுதிய பத்திரங்களில் 112/3 என்றுதான் இருக்கும். புது எண்ணை மட்டும் போட்டால் பழைய அடமானமும் பாகப்பிரிவினையும் கண்ணில் படாமல் போகலாம். ஆகவே பிரிவதற்கு முந்தைய தாய் எண்ணுக்கும் தனியாக ஈசி போடுங்கள். 1980களின் யூ.டி.ஆர். (நில ஆவணங்களைப் புதுப்பித்த அரசுத் திட்டம்) சமயத்தில் எண்ணே மாறியிருந்தால், வருவாய்த் துறையின் இணையதளத்தில் அ-பதிவேட்டை (கிராம நிலங்களின் புல எண் வாரியான பதிவேடு) திறந்து பழைய புல எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

குறைந்தது 30 வருடத்துக்குப் பாருங்கள். இடையில் கிராமம் வேறு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும்.

ஈசியில் வராதவையும் உண்டு: பதியாத உயில், வாய்மொழிப் பங்கு, பதிவு அலுவலகத்துக்கு எட்டாத நீதிமன்ற வழக்கு. அதனால் மூலப்பத்திரத்தை அசலாகவே கேளுங்கள். 'ஜெராக்ஸ்தான் இருக்கிறது' என்றால் அசல் வங்கியிலோ கடன் கொடுத்தவரிடமோ இருக்க வாய்ப்பு அதிகம்.

பவர் ஏஜென்ட் விற்கிறாரா? பவர் எழுதிக் கொடுத்தவரை நேரில் பார்த்துப் பேசிவிடுங்கள். அவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவர் செல்லாது.