பலூனை ஊதும் முன் சி-ஆர்மைத் திருப்புங்கள்

குன்னூரில் வாரம் ஒரு நாள் டயாலிசிஸ் நோயாளிகளைப் பார்க்கிறேன். மலையில் கை வீக்கத்தை முதலில் காட்டிக்கொடுப்பது ஸ்வெட்டர்தான். போன மாதம் வந்த அம்மா, ஸ்வெட்டரின் இடது கைத் தையலைப் பிரித்து ஊக்கு குத்தியிருந்தார். மார்பில் நீல நரம்புகள் புடைத்திருந்தன. முன்பு காறை எலும்புக்கு அடியில் போட்ட கதீட்டர் (டயாலிசிஸ் குழாய்), கையின் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் மைய சிரையை அடைத்துவிட்டது. அடைப்பு வழியே மெல்லிய வயரைக் கடத்தி, அதன் மேல் சின்ன பலூனை ஏற்றி ஊதித்தான் சிரையைத் திறப்போம். கோவையில் அதைத் திறந்தபோது, பயிற்சிக்கு வந்த தம்பி வயர் கடந்த அடுத்த நொடி, சி-ஆர்மை (வயரைத் திரையில் காட்டும், சுழற்றக்கூடிய எக்ஸ்ரே கருவி) திருப்பாமலே பலூனைக் கையில் எடுத்தார். நானும் அப்படித்தான் இருந்தேன். இந்த வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள் இவை.

வீக்கமே இல்லாத அடைப்பைத் திறப்பது

டயாலிசிஸ் நன்றாக ஓடுகிறதா? விட்டுவிடுங்கள்.

மேலிருந்து மட்டும் முட்டுவது

தொடைச் சிரை வழியாகவும் ஒரு கதீட்டரை ஏற்றுங்கள். அடைப்பின் மறுகரை தெரியும்.

ஒரே கோணத்தை நம்புவது

இன்றும் என்னைக் கோபப்படுத்தும் தவறு இது. கற்றுக்கொண்டிருந்த காலத்தில், கோத்தகிரிப் பக்கம் தேயிலை பறிக்கும் ஓர் அக்காவுக்கு வயரைக் கடத்தினேன். நேர்ப்படத்தில் அது மேலுடல் ரத்தத்தை இதயத்தில் சேர்க்கும் மேற்பெருஞ்சிரை வழியே இதயத்துக்குள் இறங்கியது போலவே தெரிந்தது. பலூனை ஊதினேன். "சார், நெஞ்சு அடைக்குது" என்றார். ரத்த அழுத்தம் சரிந்தது. வயர் சிரையின் சுவரைத் துளைத்து வெளியே போயிருந்தது. மேற்பெருஞ்சிரையின் கீழ்ப்பாதி இதய உறைக்குள் இருக்கிறது; அங்கே கிழிந்தால் ரத்தம் உறைக்குள் தேங்கி இதயத்தை நெருக்கும். உறைக்குள் ஊசியைச் செலுத்தி ரத்தத்தை வடித்ததால் பிழைத்தார். சி-ஆர்மைப் பக்கவாட்டில் திருப்பியிருந்தால் வயர் விலகிப் போனது அப்போதே தெரிந்திருக்கும். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

மேற்பெருஞ்சிரையில் வந்து சேரும் அசைகஸ் சிரையும் இதேபோல ஏமாற்றும். அது பின்பக்கமாக வளைவதால் நேர்ப்படத்தில் வயர் சரியான இடத்தில் இருப்பதாகவே தோன்றும். வயர் இதயத்தைக் கடந்து கீழ்ப்பெருஞ்சிரை வரை இறங்க வேண்டும். அப்புறம் அதன் மேல் கதீட்டரை ஏற்றி, ரத்தம் தடையின்றி வருகிறதா என்று இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் கான்ட்ராஸ்ட் (எக்ஸ்ரேயில் தெரியும் மருந்து) செலுத்திப் பாருங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால்தான் பலூன், அதுவும் சிறிய அளவில் தொடங்கி. நோயாளி வலி என்றால் உடனே நிறுத்துங்கள். வேலை முடியும்வரை வயரை வெளியே எடுக்காதீர்கள். கிழிந்தால் உறையிட்ட ஸ்டென்டை (மேலே உறை போர்த்திய கம்பிவலைக் குழாய்) கொண்டுபோக அதுதான் வழி.

கழுத்துச் சிரையின் வாயை ஸ்டென்டால் மூடுவது

அடுத்த கதீட்டருக்கு இடமிருக்காது.

அன்றே மலையேற்றுவது

சிக்கலான அடைப்பைத் திறந்த பிறகு "மாலைக்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவோம்" என்று வீட்டார் அவசரப்படுவார்கள். ரத்தம் மெதுவாகவும் கசியலாம். மலைப்பாதையில் பர்லியார் தாண்டி ஏதோ ஒரு வளைவில் மூச்சு முட்டினால் வண்டியில் என்ன செய்ய முடியும்? ஓர் இரவு படுக்க வைத்து, காலையில் எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்து அனுப்புங்கள்.