ஓப்பன்டிடிடில நம்ம சேலம் மேப் போடறது எப்படி, ஏற்காடு மலையோட சேத்து

டிரான்ஸ்போர்ட் டைக்கூன் ஞாபகம் இருக்கறவங்க கைய தூக்குங்க. 1994ல கிறிஸ் சாயர் எழுதுன, பஸ்ஸு ரயிலு விட்டு கம்பெனி நடத்துற கேம், அடுத்த வருஷமே டீலக்ஸ் வந்துச்சு. 2004ல லுட்விக் ஸ்ட்ரிகியஸ்னு ஒருத்தர் (மியூடாரென்ட்ங்கற டவுன்லோட் சாஃப்ட்வேர் எழுதுனதும் இதே ஆளுதான்) அதை பிரிச்சு மேஞ்சு சி லாங்குவேஜ்ல திரும்ப எழுதி வெளிய விட்டாரு, அதுதான் ஓப்பன்டிடிடி, அன்னைலருந்து ரசிகர்களே பாத்துக்கறாங்க. பழைய சிடி எல்லாம் தேட வேணாம், ஓப்பன்ஜிஎஃப்எக்ஸ்னு படங்களையும் புதுசா வரைஞ்சு வச்சிருக்காங்க, முதல் தடவ திறக்கும்போதே டவுன்லோட் பண்ணவான்னு கேக்கும், சரின்னு குடுங்க. காசு கிடையாது, 4 ஜிபி ரேம் லேப்டாப்லயே நல்லா ஓடுது.

இப்ப மேப். ஹைட்மேப்பர்னு ஒரு சைட் இருக்கு, அதுல சேலத்த நடுவுல வச்சு இடதுபக்கம் மேட்டூர், வலதுபக்கம் ஆத்தூர் வர்ற மாதிரி ஜூம் பண்ணி எக்ஸ்போர்ட் குடுத்தா கருப்பு வெள்ளைல ஒரு படம் வரும், வெள்ளையா இருந்தா மேடு, கருப்பா இருந்தா பள்ளம். சதுரமா கிராப் பண்ணிக்கோங்க, இல்லைன்னா மிச்ச ஓரத்த கேம் தண்ணியா ரொப்பிடும்.

இங்கதான் நான் மாட்டுனேன். படத்த அப்படியே போட்டுட்டு அக்கா பையன கூப்ட்டு பெருமையா காட்டுறேன், அவன் ஒரு நிமிஷம் உத்து பாத்துட்டு "மாமா, சேலத்துக்கு எப்ப கடல் வந்துச்சு?"ங்கறான். விஷயம் என்னன்னா கேம்ல சுத்த கருப்புன்னா கடல் மட்டம், அந்த சைட்டோ ஸ்க்ரீன்ல இருக்கறதுலயே பள்ளமான இடத்த கருப்பாக்கிடும், நம்ம ஊரு சுமார் 280 மீட்டர் உயரத்துல இருக்கறது அதுக்கு கணக்கே இல்ல. ஜிம்ப்ங்கற இலவச போட்டோ எடிட்டர்ல லெவல்ஸ் திறந்து அவுட்புட்ல இடதுபக்கம் 0ன்னு இருக்கறத 15 ஆக்கி சேவ் பண்ணுங்க, கடல் வத்திடும்.

அந்த பிஎன்ஜி ஃபைல டாக்குமென்ட்ஸ்ல ஓப்பன்டிடிடி ஃபோல்டர், அதுக்குள்ள சினாரியோ, அதுக்குள்ள ஹைட்மேப், அங்க போடுங்க. அப்புறம் கேம்லயே இருக்கற சினாரியோ எடிட்டர்ல போய் லோட் பண்ணுங்க. சைஸ் 512க்கு 512 கட்டம் வைங்க (ஒரிஜினல்ல 256தான்), உச்சி உயரம் 30 படி போதும். ஆசைப்பட்டு 256 மேப்ல 60 குடுத்தேன், பக்கத்து பக்கத்து கட்டத்துக்கு ஒரு படிக்கு மேல வித்தியாசம் இருக்கக்கூடாதுங்கறதால கேமே மலைய செதுக்கி கூம்பாக்கிடுச்சு, ஏரி இருக்கற அந்த சமவெளியே காணோம், அப்புறம் ஏற்காட்ட எங்க வைக்கறது.

ஊருங்கள கையாலயே வைங்க, பேரு நீங்களே டைப் பண்ணலாம். கிளைமேட் டெம்பரேட் எடுங்க, அதுலதான் இரும்புச் சுரங்கம், ஸ்டீல் மில், நிலக்கரி, பவர் ஸ்டேஷன் எல்லாம் வரும், மேட்டூர் தெர்மலும் ஆச்சு ஸ்டீல் பிளான்ட்டும் ஆச்சு. காபிய மட்டும் கேக்காதீங்க, கேம்ல கிடையாது. ஆனா ஒண்ணு, கஞ்சமலைல சுரங்கத்த வச்சு அடிவாரத்துலயே ஸ்டீல் மில்ல வச்சா பாக்க நம்ம ஊரு மாதிரி அழகா இருக்கும், காசு ஒண்ணும் தேறாது. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் எவ்ளோ தூரம், எவ்ளோ சீக்கிரம் கொண்டு போனோம், அதுக்குத்தான் பணம். அதனால நான் சுரங்கத்த ஆத்தூர் பக்கம் தள்ளிட்டேன், பொய்தான், ஆனா கம்பெனி பொழைக்கணும்ல. ஸ்டீல் வாங்குற ஃபேக்டரியையும் மில்லுலருந்து தள்ளியே வைங்க.

கடைசியா மலை ரோடு. மவுஸ பிடிச்சு நேரா இழுத்தா ரோடு செங்குத்தா ஏறும், ஆரம்பத்துல கிடைக்கற பஸ் மணிக்கு 56 கிலோமீட்டர்தான், ஏத்தத்துல அது மூச்சு வாங்கி நடக்கற வேகத்துக்கு வந்துடும். ஒரு படி ஏத்துனா ரெண்டு மூணு கட்டம் சமமா விடுங்க, திருப்புங்க, திரும்ப ஒரு படி. நிஜத்துல 20 கொண்டை ஊசி வளைவு, நான் 7 போட்டதுக்கே ரெண்டு நாள் சாயங்காலம் போச்சு. ரயில ஏத்த பாக்காதீங்க, நிஜத்துலயும் சேலம் ஜங்ஷனோட சரி.

பாதி மலைல ஒரு டிப்போ கட்டி பஸ் ஆர்டர்ல சர்வீஸ் சேத்துடுங்க. இல்லைன்னா ஒரு பஸ் பிரேக்டவுன் ஆச்சுன்னா பின்னாடி வர்றதெல்லாம் வரிசை கட்டி நிக்கும், மே மாச ஞாயித்துக்கிழமை மேல போனவங்களுக்கு அது தெரியும்.